நான் கண்டுபிடித்த இரண்டாவது கிரகம்

பயந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிலர் மயங்கி விழுவார்கள். என் பெரியப்பா ஒருவர் பயந்தால் தூங்கிவிடுவார். அவர்மேல் எனக்கு எப்போதும் பொறாமை உண்டு. எனக்கு வாய்த்த வியாதி வேறு. நான் பயந்தால் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கேள்வி புரிந்ததா, பதில் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். பயம் கூடக் கூட என் பதில் தெளிவாகிக்கொண்டே போகும். உச்சக்கட்ட பயத்தில் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சொல்வேன்.

ஒருமுறை சித்தூரில் ஒரு போலீஸ் ஜீப் என் பக்கத்தில் வந்து நின்றது. கங்காதர நெல்லூருக்கு எந்த வழி என்று கேட்டார்கள். எனக்கு அந்த வழி தெரியும். ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் என் கை தானாக எழுந்து, நேர் எதிர்த் திசையில் பங்காருபாளையம் ரோட்டைக் காட்டியது. "மூணாவது பாலம் தாண்டி லெஃப்ட்" என்று வேறு சேர்த்துச் சொன்னேன். (அந்த ஜீப் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறேன்.)

இந்த வியாதி முற்றிய ஒரு ஜூன் மாதக் காலையில்தான், திருப்பதியில், அறுபது பிள்ளைகள் முன்னால், பிரபஞ்சத்தில் இல்லாத இரண்டு கிரகங்களை நான் கண்டுபிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து மூன்று வருஷம், கல்யாணமாகி நாலு மாதம், வேலை கிடையாது. வேலை இல்லாதவனுக்கு எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். தேவகி என் சொந்தத் தாய்மாமன் மகள். "பொண்ணு என் பொண்ணு, மாப்ள என் அக்கா புள்ள. வேல வரும்போது வரட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். பிச்சாட்டூரில் இருந்த என் அம்மாவும் நைனாவும் என் பெட்டியைக் கட்டிச் சித்தூருக்கு அனுப்பினார்கள். மாமா வீட்டில் நான் வீட்டோடு மாப்பிள்ளையானேன்.

மாமா ஒருநாள்கூட என்னைக் குத்திப் பேசியதில்லை. அதுதான் பெரிய பயம். சாப்பிட உட்கார்ந்தால் "இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா, புள்ள சரியா துன்ல" என்பார். போதும் என்று சொல்லப் பயந்து அதையும் சாப்பிட்டு வைப்பேன்.

மாமாவுக்குப் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி. "உனுக்கோசரம் அங்க ஒரு சேர் வாங்கிப் போட்டு வச்சிகீறேன்ப்பா. திருப்பதி காலேஜ் வேல கெடச்சா சந்தோஷம். கெடைக்கலன்னா திங்கக்கெழம வந்து குந்திக்கோ" என்றார். நான் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு முன் ஒரே ஒருமுறை மண்டிக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மூக்கு அரித்தது, சொறிந்தேன். ஒரு டிராக்டர் தோத்தாபுரி மாங்காய் என் பேரில் விழுந்தது. அந்த ஏலக்காரரின் குரல் நாலு நாள் என் காதுக்குள்ளேயே இருந்தது. எனக்கு அந்த இடம் ஆகாது என்று என் உடம்பிலுள்ள ஒவ்வொரு ரோமமும் சொன்னது.

தேவகிக்கு வேறு கணக்கு. அவள் பிறந்த வீட்டிலேயே எத்தனை நாள் புதுப்பெண்ணாக இருப்பது? வேலை கிடைத்தால் திருப்பதியில் தனிக்குடித்தனம். ரேணிகுண்டா ரோடு பக்கம் இரண்டு ரூம் வீடு ஒன்றைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவிடம் "திங்கக்கெழம சொல்றோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு பித்தளைச் சொம்பும் வாங்கி, துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

நேர்காணல் என்றால் வெறும் கேள்வி பதில் இல்லை. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். இருபது நிமிஷம், நிஜப் பிள்ளைகள் முன்னால், கல்லூரி கரஸ்பாண்டெண்டும் இயற்பியல் துறைத் தலைவி மேடமும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம் நம் விருப்பம்.

"உராய்வு எடுங்க" என்றாள் தேவகி. "ஒரு செங்கல்ல கயிறு கட்டி இழுத்துக் காட்டுங்க. வந்துடுங்க."

"செங்கல்ல இழுக்கிறவனுக்கு யார் வேலை குடுப்பாங்க?"

"அப்ப நீங்க இன்னாத்த இழுக்கப் போறீங்க?"

"நட்சத்திரத்த."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (அதே பார்வையை இப்போதும் வாரத்துக்கு இரண்டு முறை வாங்குகிறேன்.)

நான் தேர்ந்தெடுத்த பாடம் புறக்கோள்கள். நம் சூரியனை விட்டுவிட்டு வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற கிரகங்கள். அவை இருக்கும் தூரத்துக்கு, பெரும்பாலானவற்றை நேரில் பார்க்க முடியாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நட்சத்திரத்தின் வெளிச்சத்தை விடாமல் அளந்துகொண்டே இருப்பார்கள். கிரகம் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளியூண்டு குறையும். வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அதே பள்ளம் அதே இடைவெளியில் மறுபடி மறுபடி விழுந்தால், அங்கே ஏதோ சுற்றுகிறது என்று அர்த்தம். எதிர்வீட்டு ஜன்னல் வெளிச்சம் மங்கினால் யாரோ குறுக்கே நடக்கிறார்கள் என்று நாம் கண்டுபிடிக்கிறோமே, அவ்வளவுதான் சங்கதி.

இதைச் செய்து காட்ட ஒரு கருவி செய்தேன். ஸ்டாண்டிலிருந்து தொங்கும் நூறு வாட் குண்டு பல்புதான் நட்சத்திரம். ரிப்பேர் கடையில் கிடைத்த பழைய மைக்ரோவேவ் மோட்டார் ஒன்று, அதில் வளைத்த ஒரு கம்பி, கம்பி நுனியில் கிரகம். கிரகம் ஒரு தெர்மாகோல் பந்து. வியாழன் மாதிரி பட்டை பட்டையாக வர்ணம் அடித்தேன். அதன் பெரிய சிவப்புப் புள்ளியைத் தேவகி தன் நகப்பூச்சால் வைத்தாள். மேசையின் மறுமுனையில் என் செல்போன். அது பல்பு வெளிச்சத்தை அளந்து, புரொஜெக்டர் வழியாகச் சுவரில் கோடு போடும். பந்து குறுக்கே வரும்போதெல்லாம் கோட்டில் பள்ளம் விழும். வீட்டில் நாற்பது தடவை செய்து பார்த்தேன். நாற்பது தடவையும் அழகாக விழுந்தது.

கிளம்பும் காலை மாமா ஒரு பெரிய துணிப்பையோடு வாசலை மறித்தார். உள்ளே பழுத்த நீலம் மாம்பழம்.

"இது எதுக்கு மாமா?"

"இன்னாப்பா கேக்குற? மாம்பழ சீசன்ல ஒத்தர பாக்கப் போறோம், கைய வீசிகினா போவாங்க? சித்தூர்காரன் மானத்த வாங்காத. பெரியவர் கையில குடுத்துட்டு அப்பால பாடம் நடத்து."

எங்கள் பக்கம் இது பழக்கம். சீசனில் டாக்டரைப் பார்க்கப் போனாலும் பை, தாசில்தாரைப் பார்க்கப் போனாலும் பை, சாவு வீட்டுக்குப் போனாலும்கூட ஒரு பையைப் பட்டும் படாமலும் ஓரமாக வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. நேர்காணலுக்குக் கொண்டுபோகலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மாமாவிடம் முடியாது என்று சொல்லப் பயம். "நானே கேக்கணும்னு நெனச்சேன் மாமா" என்றேன். (பார்த்தீர்களா, வியாதியை!)

பஸ்ஸில் தேவகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மடியில் சொம்புப் பை. மேல் தட்டில் என் கருவிப் பை. மாம்பழப் பையை எங்கே வைத்தேன் என்று இப்போது நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை. சித்தூரிலிருந்து திருப்பதி வரை நான் செய்த ஒரே வேலை, பாடத்தைத் தொடங்கத் தெலுங்கில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தது. கடைத்தெருவில் என் தெலுங்கு தண்ணீர் மாதிரி ஓடும். பயம் வந்தால் வறண்டுவிடும்.

"பயப்படாதீங்க" என்றாள் தேவகி. "என் சித்தி பொண்ணு சுமதி அந்த காலேஜ்லதான் படிக்கிறா. உங்க கிளாஸ்ல அவளும் இருப்பாளாம். மூணாவது பெஞ்சு."

எனக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று. தெரியாதவர்கள் முன்னால் அவமானப்பட்டால் அதோடு போகும். சொந்தக்காரப் பிள்ளை முன்னால் அவமானப்பட்டால் அது பரம்பரை பரம்பரையாக வரும்.

தேவகி வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனாள். நான் கல்லூரிக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒருவர் காத்திருந்தார். கருவியை எடுத்துச் சரிபார்க்கலாம் என்று பையைத் திறந்தேன். மாம்பழப் பையின் பாரத்தில் வியாழன் அப்பளமாகியிருந்தது. நகப்பூச்சுப் புள்ளி மட்டும் ஒரு வெள்ளைத் துணுக்கில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. மற்றதெல்லாம் குருணை.

உள்ளங்கை வியர்த்து, கையிலிருந்த ஃபைல் நழுவியது. முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ஆடின. வலதுகால் வேகமாக, இடதுகால் நிதானமாக. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதாவது பந்து கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பரிதாபமாகத் தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு செங்கல்லும் கயிறும் இருந்தன.

அவர் உள்ளே போய், இழுத்துக் காட்டிவிட்டு, சிரித்த முகமாக வெளியே வந்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உருண்டையாக, மஞ்சளாக, கைக்கு அடக்கமாக, ஒரு பை நிறைய என்னிடம் கிரகங்கள் இருந்தன.

ஆய்வுக்கூடத்தில் முன்வரிசையில் கரஸ்பாண்டெண்ட் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மேசைக்கு ஒரு முழம் தள்ளி. அவருக்குப் பக்கத்தில் மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டிருந்தார். பின்னால் அறுபது பிள்ளைகள். மூன்றாவது பெஞ்சில் சுமதி, வாயெல்லாம் பல்லாக.

"ஏன்ட்டி பாபு இது? லஞ்சமா?" என்றார் கரஸ்பாண்டெண்ட், பையைக் காட்டி. (அங்கே பேச்செல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும்தான். உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன்.)

"இல்ல சார். சோதனைக் கருவி" என்றது என் வாய்.

அவ்வளவுதான், வழி அடைபட்டது. இனிமேல் மாம்பழம்தான் கிரகம் என்று ஆகிவிட்டது. பையில் கைவிட்டு இருப்பதிலேயே சின்ன நீலத்தை எடுத்துக் கம்பியில் குத்தினேன். ஒரு அங்குலம் போனதும் கொட்டை தடுத்தது. பழுத்த பழம், கம்பி பாதியில் நிற்கிறது, கீழே சாறு சொட்டுகிறது. நிற்கும், நிற்க வேண்டும், வெங்கடேசா நிற்க வை என்று வேண்டிக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

சுற்றியது. சுவரில் கோடு ஓடியது. மாம்பழம் பல்புக்கு முன்னால் வந்தது. பள்ளம் விழுந்தது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள்.

அடுத்த ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகப் பாடம் நடத்திய ஐந்து நிமிஷம். சுவர்ப் பக்கம் திரும்பி, கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினேன். "கிரகம் இவ்வளவு கிட்டவா சுத்தும்?" என்று மேடம் கேட்டார். "சில கிரகங்கள் சுத்தும் மேடம். வியாழன் அளவு பெருசு, நட்சத்திரத்துக்கு ரொம்பக் கிட்ட, வெந்துகொண்டே சுத்தும்" என்றேன். அது நிஜம். எனக்குப் பின்னாலும் ஒன்று வெந்துகொண்டேதான் சுற்றியது. அறை முழுக்க இனிப்பு வாசனை. கரஸ்பாண்டெண்ட் ஆழமாக மூச்சை இழுத்துத் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். சொம்பில் பால் பொங்குவது தெரிந்தது.

அப்போது கோட்டில், இரண்டு பெரிய பள்ளங்களுக்கு நடுவில், ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்தார். "பெரிய பள்ளம் உங்க மாம்பழம். நடுவுல சின்னதா ஒண்ணு விழுதே, அது என்ன?"

எனக்குத் தெரியாது. அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே வார்த்தை. ஆனால் அந்தச் சிவப்பு நாற்காலி கண்முன் வந்தது. ஏலக்காரரின் குரல் கேட்டது. பித்தளைச் சொம்பு மின்னியது.

"அது இரண்டாவது கிரகம், மேடம்."

"நீங்க ஒரு பழம்தானே மாட்டினீங்க?"

"ஆமாம் மேடம். பிள்ளைங்க கவனிக்கிறாங்களான்னு பார்க்க, புரோகிராம்ல நானே ஒரு சின்னக் கிரகத்த மறைச்சு வச்சிருக்கேன்."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். தெரியவில்லை. கரஸ்பாண்டெண்ட் மட்டும் "சபாஷ்" என்றார்.

"நல்லது" என்றார் மேடம். "அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை சுத்தி வரும்?"

"நாலு புள்ளி இரண்டு ஐந்து வினாடி."

அடுத்த பள்ளம் ஒரு வினாடியில் விழுந்தது. அதற்கடுத்தது ஒன்பது வினாடி கழித்து.

"பாதை நீள்வட்டம், மேடம்."

இரண்டு பள்ளங்கள் சேர்ந்தாற்போல் விழுந்தன. "இது மூன்றாவது கிரகம்" என்று நானே முந்திக்கொண்டு அறிவித்தேன். பின்னாலிருந்து பிள்ளைகள் சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. என் கண்டுபிடிப்பில் மகிழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று கோடு தடாலென்று கீழே விழுந்து, அங்கேயே கிடந்தது.

"இது?" என்றார் மேடம்.

"முழு கிரகணம்."

கீழே கிடந்த கோடு இப்போது தடதடவென்று நடுங்கியது.

"இது?"

"நட்சத்திரத்தில் நிலநடுக்கம்."

அதற்குமேல் மூன்றாவது பெஞ்சால் தாங்க முடியவில்லை. மொத்த வகுப்பும் தெலுங்கில் இருக்க, சுமதி எழுந்து நின்று பச்சைத் தமிழில் கத்தினாள்: "மாமா! அது ஈ மாமா! போன் மேல குந்திகினு காலைத் தேய்ச்சிகினு கீது மாமா!"

திரும்பினேன். என் இரண்டாவது கிரகமும் மூன்றாவது கிரகமும் பல்பைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. முழு கிரகணம் செல்போனின் உச்சியில், வெளிச்சம் அளக்கும் சின்னப் பொட்டின்மேல் சரியாக உட்கார்ந்து, நிதானமாகக் கையையும் காலையும் தேய்த்துக்கொண்டிருந்தது. சொட்டிய சாறு மேசையில் குளம் கட்டியிருந்தது. இன்னும் நாலைந்து கிரகங்கள் அங்கே நீர் அருந்திக்கொண்டிருந்தன.

நான் ஈயை விரட்டக் கை வீசினேன். அது போதும், வெந்து தளர்ந்திருந்த நீலம் கம்பியிலிருந்து நழுவியது. மேசையில் விழுந்து, உருண்டு, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்து, கரஸ்பாண்டெண்ட்டின் வெள்ளை வேட்டியில் மடி நடுவே இறங்கியது. பாரம் நீங்கிய கம்பி விர்ரென்று மேலே எழும்பி, தன்னிடமிருந்த சாற்றையெல்லாம் பல்பின்மேல் தெளித்தது. சூடான கண்ணாடி. டமார்.

இருட்டு. பெண் பிள்ளைகள் அலறினார்கள். அதன்பின் ஒரு நொடி மயான அமைதி. அந்த அமைதியில், யாருமே எதுவுமே கேட்காதபோது, பயத்தின் உச்சியில் என் வாய் தானாகத் திறந்து சொன்னது:

"சூப்பர்நோவா."

அறுபது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. யாரோ திரையை விலக்கினார்கள். கரஸ்பாண்டெண்ட் மடியில் பழத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டப் போகிறார், போலீசைக் கூப்பிடப் போகிறார் (அந்தப் பழைய ஜீப்பே வரும்!) என்று நடுங்கினேன். அவர் விரலில் பட்டதை மெல்ல முகர்ந்து பார்த்தார்.

"நீலமா?"

"ஆமாம் சார்."

"மருந்து வச்சுப் பழுக்க வச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு நான் வெளியே வந்தபோது மேடம் வராந்தாவில் நின்றிருந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா பாடம் எடுத்தீங்க" என்றார். "மாம்பழம் விழுந்தது, பல்பு வெடிச்சது, அதெல்லாம் லேப்ல நடக்கிறதுதான். நான் ரெண்டாவது நிமிஷமே ஈயைப் பார்த்துட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் கேட்டேன். தெரியல, பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருந்தா இன்னைக்கே ஆர்டர் போட்டிருப்போம்."

வேலை செங்கல்காரருக்குப் போயிற்று.

பஸ் ஸ்டாண்ட் போகும் வழியெல்லாம் தேவகியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். தூரத்திலேயே அவள் தெரிந்தாள். சொம்புப் பை தோளில். கிட்டே போனதும் என் வியாதி வேலையைக் காட்டியது.

"ரொம்ப நல்லா போச்சு. ரெண்டு நாள்ல லெட்டர் வரும்."

அவள் தன் செல்போனை என் பக்கம் திருப்பினாள். சின்னத் திரையில், சுவரைப் பார்த்து நின்றபடி, ஒருவன் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நட்சத்திரத்தில் நிலநடுக்கம்." மூன்றாவது பெஞ்சிலிருந்து எடுத்தது.

அழுவாள், அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்று என்னை வெறுப்பாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அழத்தான் செய்கிறாள் என்று தலைகுனிந்தேன். அப்புறம் பார்த்தால் சிரிப்பு. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். நடுவில் ஒருமுறை நிஜமாகவே அழுதாள் என்றும் நினைக்கிறேன். ஏனென்றால் சொம்பைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினாள்.

"எனக்கு வேலை கிடைக்கல தேவகி" என்றேன். அன்றைக்கு அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை.

"அது தெரியுது" என்றாள். "மிச்சப் பழம் எங்க? எடுங்க, பசிக்குது."

திங்கட்கிழமை சிவப்பு நாற்காலியில் போய்க் குந்தினேன். ஒரு சீசன் முழுக்க, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அந்த வீடியோ சித்தூர் முழுக்கச் சுற்றிவந்தது. மண்டிக்கு லோடு கொண்டுவருகிறவர்கள்கூட "ஈ சார் பாகுன்னாரா?" என்று நலம் விசாரித்தார்கள். அடுத்த ஜூனில் சித்தூரிலேயே ஒரு சின்னக் கல்லூரியில் கூப்பிட்டார்கள். அந்த பிரின்சிபால் என் சான்றிதழைத் திறக்கவே இல்லை. "அந்த மாம்பழப் பாடம், அதையே எங்க பசங்களுக்கும் நடத்துவீங்களா? ஈயோட?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை நடத்துகிறேன். வரைபடத்தில் சின்னப் பள்ளம் விழுந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஈ!" என்று கத்துவார்கள். கத்திய பிறகு, ஈ இல்லை என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் பாடமே.

திருப்பதி வீடு கைவிட்டுப் போனது போனதுதான். பால் மாமா வீட்டு மாடியில் காய்ச்சினோம்.

போன மாதம் எல்லோரும் கீழே கூடத்தில் உட்கார்ந்து நீலம் தின்றுகொண்டிருந்தோம். டி.வி.யில் ஏதோ தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தைப் பற்றிச் சொன்னார்கள். எட்டு வயது மகள் ஹாசினி என் பக்கம் திரும்பினாள்.

"நைனா, அங்க ஆளுங்க கீறாங்களா?"

மாமா மாங்கொட்டையை வாயருகில் பிடித்தபடி நிறுத்திவிட்டார். தேவகி கத்தியைக் கீழே வைத்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு அதே பழைய முழங்கால், அதே வியர்வை. நாலு புள்ளி இரண்டு ஐந்து கோடிப் பேர் என்று நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"தெரியல பாப்பா" என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டார். "இந்த ஒரு வார்த்தய அன்னைக்கே சொல்லியிருந்தா, என் மாடிய இன்னேரம் வாடகைக்கு வுட்டிருப்பேன்."

தேவகி தட்டுக்கு மேலே கையை வீசினாள். "வாடி பாப்பா, சீக்கிரம் துன்னு முடி. உங்க நைனாவோட ரெண்டாவது கிரகம் வந்துடுச்சி பாரு."